கொழும்பு அலுவல்காரர்

வன்னிப் பெருநிலத்திலிருந்து, அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களிலிருந்து, கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர் எவரும் இல்லை. போகிறவர் அனைவரும் 'அலுவல்' ஒன்றுக்காகவே போகின்றனர். அலுவல் என்பதற்கு அகராதி வேலை என்று பொருள் கூறினும், வன்னி வழக்கில் அது மேற்கொண்டு விளக்கம் கேட்கக்கூடாத ஒரு சொல்லாகும். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பதும் அலுவல். கனடாவிலிருந்து வரும் மச்சானைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றுவதும் அலுவல். உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேடுவதும், மூக்குக்கண்ணாடி மாற்றுவதும் அலுவலே. இரண்டு நாள் சந்தியில் தென்படாதிருந்த ஒருவர் மூன்றாம் நாள் தோன்றி, "கொழும்பில ஒரு அலுவல்" என்று சொல்வாராயின், கேட்டவர் தலையை ஆட்டுவதோடு விசாரணை முடிந்துவிடும்.

இத்தகைய அலுவலைக் குறைந்த செலவில், இயலுமாயின் செலவே இன்றி, முடித்துத் திரும்பும் கலையில் தேர்ந்தவரையே இங்கு 'அலுவல்காரர்' என்று குறிப்பது பொருத்தமாகும். இவரைக் கஞ்சர் என்று எண்ணுவது தவறு. ஊரில் கோவில் பொங்கலுக்கு ஒரு மூடை அரிசியை யோசியாமல் இறக்கிக் கொடுப்பவரும், செத்தவீட்டுக்குப் பந்தல் போட முதலாளாய் வந்து நிற்பவரும் இவர்தாம். ஆயினும் கொழும்பு மண்ணை மிதித்த கணமே இவருடைய வலக்கை சட்டைப்பையின் மேல் போய் அமர்ந்து, திரும்பவும் வவுனியாவுக்கு வடக்கேயுள்ள ஓமந்தையைக் கடக்கும்வரை அங்கிருந்து எழும்புவதில்லை. காசு கொடுத்துச் செய்வதை எவரும் செய்வர், காசு கொடாமல் செய்வதற்கே ஆள் வேண்டும் என்பது இவருடைய துணிபு.

பயணத்தின் முதற் சிக்கனம் இரவில் தொடங்குகிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைப் பகலில் கடப்பவர் ஒரு பகலை இழப்பதோடு, இரவில் படுக்க இடமும் தேட வேண்டியவராகிறார். இரவு பஸ்ஸில் ஏறுபவருக்கோ ரிக்கெற்றுக்குள்ளேயே ஓர் இரவுத் தங்குமிடமும் அடங்கிவிடுகிறது. 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் வவுனியாவுக்கு அப்பால் வராமல் நின்று, மீண்டும் கிளிநொச்சியை வந்தடைய 2013 செப்டெம்பர் ஆயிற்று என்பதால், ரயிலின் மீது இவருக்குப் பாசம் உண்டு. மூன்றாம் வகுப்புக் கட்டணத்தின் மீது அதனிலும் கூடிய பாசம் உண்டு. எனினும் பகல் ரயிலில் தங்குமிடம் சேராது என்பதால் மனம் ரயிலிலும் உடல் பஸ்ஸிலுமாகவே இவர் பயணம் செய்கிறார். குருநாகல் பக்கத்திலோ புத்தளம் பக்கத்திலோ நள்ளிரவில் பஸ் ஒரு சாப்பாட்டுக்கடை முன்னால் நிறுத்தப்படும்போது, சாரதிக்கும் நடத்துநருக்கும் உள்ளே தனி மேசையில் கோழிக்கறியோடு சோறு வருவதையும், அதன் விலை ஏனையோரின் தேத்தண்ணியில் சேர்க்கப்பட்டிருப்பதையும் நன்கறிந்த அலுவல்காரர், இறங்கி, உடம்பை முறித்து, வானத்தைப் பார்த்துவிட்டு ஏறி, மடியில் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். மனைவி கட்டிக்கொடுத்த புட்டும் முட்டைப்பொரியலும் மணக்க, பக்கத்து இருக்கைக்காரர் கடையில் சாப்பிட்ட கொத்துரொட்டியை எண்ணி வருந்துவார்.

அடுத்து இவருடைய மூட்டை ஆராயத்தக்கது. அது பெரும்பாலும் 'உரப்பை' ஆகும்; யூரியா வந்திறங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கைக் கழுவிக் காயவைத்து, வாயைக் கயிற்றால் கட்டினால் அது உரப்பை என்னும் பயணப்பெட்டியாகிறது. 1990 களில் வன்னிக்குள் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் யூரியா தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்தமையால், அன்று இதே பையின் வெறுமையைக்கூடச் சோதனைச்சாவடியில் விளக்க வேண்டியிருந்திருக்கும். இன்று அதற்குள் புழுங்கலரிசியும் வவுனியா உளுந்தும் முல்லைத்தீவுப் பாரைக் கருவாடும், பருவமாயின் பாலைப்பழமும் கேள்வியின்றிப் பயணம் செய்கின்றன. பாலைப்பழம் என்பது வன்னிக் காட்டில் விளையும், தேனாய் இனித்து, தன் பாலினால் தின்றவரின் உதடுகளை ஒட்டவைக்கும் சிறு மஞ்சட் பழம். உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தவுடன் அதைக் கொடுத்துவிட்டால், "மாமா எத்தனை நாள் நிற்பீங்கள்?" என்ற கேள்வி சிறிது நேரம் எழாது என்பது இதன் கூடுதற் பயன்.

உரப்பைக்கு நிகரான இன்னொன்று பிளாஸ்டிக் பைல். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளும், ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோக்கொப்பிகளும் அதில் இருக்கும். மூக்குக்கண்ணாடி மாற்றப் போகும்போதும் இருக்கும். இந்தப் பழக்கத்தைக் கண்டு நகைக்கும் நகரத்து இளைஞர், வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடம் ஒரு பாஸும், வவுனியாவில் நிற்க அரச படையினரிடம் வேறொரு பாஸும், கொழும்பில் ஓர் இரவு தூங்கப் பொலிஸ் பதிவும் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்ததை அறியமாட்டார். அலுவல்காரரின் அக்குளுக்குள் இருக்கும் பைல் அந்தக் காலத்தின் எச்சம். கோட்டை ரயில் நிலையத்துக் கழிப்பறை வாசலில் கட்டணம் கேட்டவரிடமும் இவர் பழக்கத்தில் அடையாள அட்டையை நீட்டியதுண்டு.

விடிய முன் புறக்கோட்டையில் இறக்கிவிடப்படும் அலுவல்காரர் உடனே உறவினர் வீட்டுக்குப் போவதில்லை. விடியாப் பொழுதில் கதவைத் தட்டுவது மரியாதை அன்று என்பது ஒரு காரணம். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வதே பயன் தரும் என்பது வெளியே சொல்லப்படாத மற்றக் காரணம். வெளிச்சம் வந்ததும் காலி வீதி வழியே, உறவினர் வசிக்கும் வெள்ளவத்தையைத் தொட்டு ஓடும் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் உரப்பையோடு ஏறும்போது, இவருடைய சிங்களம் பயன்பாட்டுக்கு வருகிறது. அது ஐந்தாறு சொற்களால் ஆனது. 'கீயத' என்றால் எவ்வளவு. 'பஹினவா' என்றால் இறங்குகிறேன். நடத்துநரை விளிக்க இவர் தெரிந்துவைத்திருக்கும் சொல் 'மல்லி'. சிங்களத்தில் தம்பி என்று பொருள்படும் அது தமிழில் ரசத்துக்குப் போடுவது என்பதால், "மல்லி, பஹினவா" என்று உரத்துச் சொல்லும்போது உரப்பையிலிருந்து ஏதோ சிந்துவதாகப் பின்னாலிருக்கும் தமிழ்க் கிழவி குனிந்து பார்ப்பார். நடத்துநர் 'ஹரி, ஹரி' என்பார். அதற்குச் 'சரி, சரி' என்று பொருள். சைவரான அலுவல்காரருக்கு அது ஒவ்வொரு முறையும் பெருமாளின் பெயராகவே கேட்கும். எந்த மொழியிலும் தடுமாறாத ஒன்று மிச்சக்காசு. "பிறகு தாறன்" என்னும் பொருளில் நடத்துநர் கையசைத்த கணத்திலிருந்து, வெள்ளவத்தை வரை அலுவல்காரர் கடலையும் பார்ப்பதில்லை, கட்டடங்களையும் பார்ப்பதில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வருவார்.

ஏன் இவர் லொட்ஜில் தங்குவதில்லை என்ற வினாவுக்கு வாடகை மட்டுமே விடையன்று. கொழும்புத் தமிழர் வழக்கில் லொட்ஜ் என்பது, வெளிநாட்டுப் பயணத்துக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்குமாக வந்த வடக்கு கிழக்கு மக்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கியிருந்த மலிவு விடுதி. 2007 ஜூன் 7 ஆம் நாள் அத்தகைய விடுதிகளிலிருந்து 376 தமிழர் பொலிஸாரால் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கொழும்பிலிருந்து வன்னிப் பக்கம் வந்த பயணங்களுள் எவரிடமும் ரிக்கெற் காசு கேட்கப்படாத பயணம் அது ஒன்றே என்று சொல்லி, அதை அனுபவித்தவர்கள் இன்றும் சிரிப்பதுண்டு. கேட்பவருக்குச் சிரிப்பு வருவதில்லை. அதன் பின் லொட்ஜ் என்ற சொல்லைக் கேட்டாலே அலுவல்காரர் சின்னம்மாவின் மகளுக்குத் தொலைபேசி எடுப்பார்.

அந்தத் தங்கச்சி வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி பிளாட் ஒன்றில் இருக்கிறார். வாசற் காவலாளி பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கும்போது அலுவல்காரர் அடையும் மகிழ்ச்சி விவரிப்புக்கு அப்பாற்பட்டது. பைல் திறக்கப்படுகிறது, போட்டோக்கொப்பி ஒன்று கேளாமலே வழங்கப்படுகிறது. பின்னர் லிப்ட். அலுவலகத்துக்குப் புறப்பட்ட, வாசனைத் திரவியம் பூசிய மேல்மாடிக்காரர் இருவருக்கு நடுவே உரப்பையை இவர் இறக்கிவைக்கும்போது, இரவு முழுவதும் பஸ்ஸின் வெக்கையில் கிடந்த பாரைக் கருவாடு மூச்சு விடுகிறது. கருவாடு ஐந்தாம் மாடியில் இறங்கிவிட்டாலும் அதன் மணம் அன்று முழுவதும் லிப்டில் மேலும் கீழும் போய்வரும்.

"என்னண்ணை, சொல்லாமல் கொள்ளாமல்? வாங்கோ, வாங்கோ. சாப்பிட்டியளோ?"

"ஓம், ஓம், வழியில சாப்பிட்டிட்டன். ஒரு சின்ன அலுவல் தங்கச்சி. பின்னேரமே வெளிக்கிட்டிடுவன்."

இவ்வுரையாடலில் உண்மை எதுவும் இல்லை என்பதை இருவரும் அறிவர். முந்திய நாளே தொலைபேசி எடுக்கப்பட்டிருந்தது. வழியில் எதுவும் வாங்கிச் சாப்பிடப்படவில்லை. பின்னேரம் என்பது எந்த நாளின் பின்னேரம் என்று சொல்லப்படவில்லை, அது வழக்கமாக மூன்றாம் நாளினுடையது. பத்து நிமிடத்தில் இடியப்பமும் சொதியும் சம்பலும் மேசைக்கு வரும். "சும்மா ரெண்டு போதும்" என்று தொடங்கியவர் எட்டில் நிறுத்துவார். கருவாடு மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றப்பட்டுக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டுக்குப் போகும். யன்னல்களை அவசரமாகத் திறந்த வீட்டுக்கார மச்சான், அன்றிரவே அதே கருவாட்டுக் குழம்புக்காக இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வார். இரண்டு இரவு வாடகையையும் எட்டு வேளைச் சாப்பாட்டையும் இவ்வகையில் செலுத்திவிட்ட அலுவல்காரரை ஓசிக்காரர் என்பவர், வெள்ளவத்தைச் சந்தையில் பாரைக் கருவாட்டின் விலையை ஒருமுறையேனும் கேட்டுவிட்டுச் சொல்வது நலம்.

அலுவல் முற்பகலில் முடிந்துவிடும், அல்லது நாளைக்கு வரச் சொல்லப்படும். மீதிப் பொழுதில் நகரம் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தை அலுவல்காரர் கீழே நின்றே பார்ப்பார். காசு கொடுத்து மேலே ஏறினால் கோபுரம் தெரியாதே என்பது அவர் வாதம், அதை மறுப்பது எளிதன்று. அருகிலுள்ள பேரை வாவியை இவர் பார்க்கும் பார்வை வேறு. 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் இரணைமடுக் குளத்தின் கீழ் வளர்ந்தவருக்கு நீர்நிலை என்பது அழகுப் பொருளன்று. கரையில் நின்று, கண்ணைச் சுருக்கி, வான்கதவு எங்கே என்று தேடி, இந்தத் தண்ணீரில் எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்யலாம் என்று கணக்கிட்டு, பச்சை நிறத்தையும் மணத்தையும் கண்டு கணக்கைக் கைவிடுவார். காலிமுகத்திடலில் காற்று வாங்கக் கட்டணம் இல்லை. அங்குள்ள நடைபாதையை 1859 இல் கட்டிமுடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று அதைக் கல்லில் பொறித்து விட்டுச்சென்றார். அவ்விரு வகையிலும் அடங்காத அலுவல்காரர், கழற்றிய செருப்பைத் தலைமாட்டில் வைத்து அதன் ஓரத்தில் சாய்ந்துகொள்கிறார். முல்லைத்தீவுக்காரர் எனின், ஊரில் வாசலுக்கு வரும் கடலைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோமே என்ற எண்ணம் எழாமல் இராது. இறால் வடை விற்பவர் அண்மையில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

இவர் காசு கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. பிற்பகலில் புறக்கோட்டைச் சைவக்கடை ஒன்றில் ஒரு பிளேன் ரீயும் ஓர் உளுந்து வடையும். வடையை உடனே கடிப்பதில்லை. இரு விரலால் தூக்கி, துளை வழியே வெளிச்சத்தைப் பார்த்து, விளிம்பை நசுக்கி, உளுந்தோடு வேறு மா கலந்திருக்கிறதா என்று ஆராய்கிறார். ஏனெனில், அறுவடை முடிந்ததும் வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரியிடம் தாம் கிலோக் கணக்கில் கொடுத்த உளுந்து, இங்கே துளைபோடப்பட்டு, எண்ணிக்கைக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கிலோவில் எத்தனை வடை வரும் என்று விரல்மடித்து எண்ணி, காசாளரையே கேட்டு, அவர் சொன்ன எண்ணை நம்பாமல் மீண்டும் எண்ணி, பெருக்கி, எண்ணெய்க்கும் விறகுக்கும் கழித்து, விடையைக் கண்டதும் சிறிது நேரம் சுவரில் மாட்டியிருக்கும் முருகனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொழும்பில் அலுவல்காரரின் முகம் வாடும் ஒரே தருணம் இதுவே. தேத்தண்ணி ஆறிவிடும்.

மூன்றாம் நாள் திரும்பும்போது உரப்பை வெறுமையாய் வருவதில்லை. தங்கச்சியின் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகள், மூடியோடு கூடிய ஐஸ்கிறீம் பெட்டிகள், ஒரு பை பழைய பாடப்புத்தகம் ஆகியன அதில் ஏறுகின்றன. ஊருக்குள் அவர் கொண்டுவரும் பெரும் பொருள் விலைப்பட்டியலாகும். தாம் வாங்காத அத்தனையின் விலையும் அவருக்கு மனப்பாடம். தண்ணீர்ப் போத்தலுக்கு என்ன கேட்டான், கோழிப் புரியாணிக்கு என்ன எழுதியிருந்தான் என்று வாசிகசாலைத் திண்ணையில் அவர் எடுத்துரைக்க, கேட்போர் "எட அறுவானே" என்று வாயில் கை வைப்பர்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வருகிறது. நந்திக்கடலோரத்தில், கடல்நீரிலே விளக்கெரியும் அற்புதத்துக்குப் பேர்போன கோவில் அது. எண்ணெய் இன்றி விளக்கேற்றும் ஊரில் சிக்கனத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை எனினும், அந்த நாள்களில் அலுவல்காரரின் வீட்டில் சிக்கனம் தென்படாது. வெள்ளவத்தைத் தங்கச்சி, மச்சான், பிள்ளைகள், மச்சானின் அலுவலக நண்பர் ஒருவர், அவருடைய மாமியார் என்று ஒரு வான் நிறைய வந்திறங்கி, நான்கு நாள் நின்று, நுளம்பைப் பற்றியும் வெக்கையைப் பற்றியும் கிணற்றுத் தண்ணீரின் சவரைப் பற்றியும் முறையிட்டவாறே நண்டும் இறாலும் எருமைத்தயிரும் தீர்த்துவைப்பர். புறப்படும் காலையில் வானின் பின்கதவு திறக்கப்பட்டு, இரண்டு மூடை அரிசியும் தேங்காயும் முருங்கைக்காயும், நன்கு சுற்றப்பட்ட கருவாடும் ஏற்றப்படுகின்றன. வாயை இறுக்கிக் கட்டிய உரப்பை ஒன்றைக் கடைசியாகத் தூக்கிவைத்த அலுவல்காரர், கையைத் துடைத்துக்கொண்டு, யன்னலருகே குனிந்து, வேறெதையோ நினைத்தவர்போல மெதுவாகச் சொல்வார்:

"தங்கச்சி, வாற மாசம் கொழும்பில ஒரு சின்ன அலுவல் இருக்கு."