இதயத்துக்கு ஆகாத மாத்திரை

1897-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் ஒரு வலிமருந்தைச் சுத்தமாகத் தயாரித்துக் கொடுத்தார். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் பெரியவர் ஹைன்ரிக் டிரெசர், 'இது இதயத்துக்கு ஆகாது' என்று ஓரங்கட்டிவிட்டார். அதே டிரெசர் ஆசையாசையாகத் தூக்கிப் பிடித்த இருமல் மருந்தின் பெயர் ஹெராயின். அண்ணாத்தேயின் பார்வை அப்படி! 1899-இல் அந்த வலிமருந்து ஒருவழியாக ஆஸ்பிரின் என்று பெயர் பெற்றுக் கடைக்கு வந்தும் பழி விடவில்லை. 1920-களில்கூட 'இதயத்தைப் பாதிக்காது' என்று சத்தியம் செய்துதான் விளம்பரம் கொடுத்தார்கள்.

கலிஃபோர்னியாவில், கிளெண்டேல் என்ற ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்றொரு டாக்டர். டான்சில் எடுத்தவர்களுக்கு வலி தெரியாமலிருக்க ஆஸ்பிரின் சூயிங்கம் கொடுப்பார். சிலர் அதை வெற்றிலைபாக்கு மாதிரி ஓயாமல் மென்றுவிட்டு, ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வேறொருவராக இருந்தால் கம்மை நிறுத்தியிருப்பார். இவரோ, 'ரத்தத்தை உறையவிடாத சரக்கு மாரடைப்பையும் தடுக்குமே!' என்று கணக்குப் போட்டார். தினம் 12 மாத்திரை விழுங்கித் தன் மூக்கிலேயே ரத்தம் வரவழைத்துப் பார்த்தார். சுமார் 8,000 ஆண்களுக்குக் கொடுத்து, அற்புதம் என்று 1956-இல் எழுதினார். மாத்திரை சாப்பிடாத ஆட்களோடு ஒப்பிட்டாரா என்றால், இல்லை. மறு வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னதை யார் நம்புவார்கள்?

விஷயம் என்னவோ சரிதான். ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு கிழிந்தால், காயம் என்று நினைத்துத் தட்டணுக்கள் திரண்டுவந்து வழியை அடைக்கும். கூட்டம் சேர்க்க அவை விடும் தூது, திராம்பாக்சேன். அதைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் ஒரேயடியாக முடக்கிவிடும். உட்கரு இல்லாத தட்டணுவால் புது நொதி செய்துகொள்ள முடியாது. தன் 7 முதல் 10 நாள் ஆயுளையும் சும்மா சுற்றியே கழிக்க வேண்டும்.

1988-இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் சாவை 23 சதவீதம் குறைத்தது. எந்தெந்த ரகத்தாருக்குப் பலன் என்று பிரித்துக் காட்டும்படி மருத்துவ இதழின் ஆசிரியர்கள் நச்சரிக்க, ராசிவாரியாகப் பிரித்தே கொடுத்தார்கள்: மிதுனம், துலாம் இரண்டுக்கும் பலனில்லை! (மேல்நாட்டு ராசிக் கணக்கு, நம்மூர் ஜோசியர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) கூறுபோட்டுக்கொண்டே போனால் எதையும் நிரூபிக்கலாம் என்பதற்கான கிண்டல் அது.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இன்று ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் போன்ற ஒன்றையும் சில காலம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பல் பிடுங்கப் போகிறோமே என்று இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதய டாக்டரைக் கேளுங்கள். நோயில்லாதவர்கள் கிரேவன் பாணியில் தாங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், வயிற்றில் ரத்தம் கசியலாம்.