நாலெல்லை எழுதுற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, நாலு வருசம் மெக்கானிக்கல் படிச்சே. ரெண்டு குறுக்கம் கரிசலை வித்து உங்கப்பன் கட்டுன பீஸு. பெறகு ஸ்பானரைக் கீழ போட்டுட்டு இன்னும் மூணு வருசம் சட்டம் படிச்சு, கறுப்புக் கோட்டையும் மாட்டிக்கிட்டே. பயலுக்கு இஞ்சினும் ஓடல, கேசும் ஓடலன்னு ஊருக்குள்ள பேசுதானுவ. நான் சொல்லலப்பா, பேசுதானுவன்னு சொன்னேன்.

காப்புரிமை ஏஜென்ட் பரீட்சைக்கு அறிவியலோ இஞ்சினியரிங்கோ படிச்சவனைத்தான் விடுவானாமே. சரி, வித்த நெலம் சுத்தி வளைச்சுக் கிண்டி காப்புரிமை ஆபீசு வாசல்ல வந்து நிக்கி.

ஆனா காப்புரிமை மனுவுல எழுதுததை 'கிளைம், கிளைம்'னு பெருமை பீத்துனியே, அதை வாசிச்சுக் காட்டுனப்பதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கிரையப் பத்திரத்துல எழுதுற நாலெல்லைதானடா இது! வடக்கே சித்தப்பன் புஞ்சை, தெக்கே ஓடை. அகலமா எழுதுனா அடுத்தவன் கெணறும் உள்ள வந்துரும், ஆபீசரு அடிச்சுருவாரு. ஒடுக்கமா எழுதுனா ஒரு சாண் தள்ளி நின்னு அதே சாமானை அவன் செஞ்சு விப்பான். இதுக்கா ஏழு வருசம்? பத்திரம் எழுதுதவன்கிட்ட ஆறு மாசம் எடுபிடியா இருந்திருக்கலாமே.

பஜாஜும் டிவிஎஸ்ஸும் மல்லுக்கட்டுனது இந்த வரப்புக்குத்தான். சின்ன இஞ்சின்ல ரெண்டு ஸ்பார்க் பிளக்கு எங்க சொத்துன்னு பஜாஜ்காரன். எங்க வண்டியில வால்வு மூணு, அது வேற சாதின்னு டிவிஎஸ்காரன். 2008 பிப்ரவரியில மெட்ராஸ் ஐகோர்ட்டு டிவிஎஸ் பிளேம் வண்டிக்குத் தடை போட்டுச்சு. 2009 மே மாசம் மேல் பெஞ்சு அந்தத் தடையை எடுத்துச்சு. அந்தச் செப்டம்பர்லயே சுப்ரீம் கோர்ட்டு, இந்த மாதிரி வழக்கைத் தெனம் விசாரிச்சு நாலு மாசத்துல முடிங்கய்யான்னுச்சு. ராசியானது 2019-ல! காப்புரிமைக்கு ஆயுசே இருபது வருசந்தான். அதுல பதினோரு வருசத்துக்கு மேல வழக்குலயே போச்சு. எவன் வண்டி ஓடுச்சோ இல்லையோ, வக்கீல் வண்டி ஓடிருக்கும்.

இருந்தாலும் ஒண்ணு. வால்வு எப்பத் தொறக்கும், நெருப்பு எங்க புடிக்கும்னு ஜட்ஜையாவுக்கு வெளங்கச் சொல்ல, கையில கிரீஸு பட்டவனாலதான் முடியும். அங்க உன் மெக்கானிக்கல் பேசும். அதுவும் நீ பாடத்தை நெசமாப் படிச்சிருந்தா.

இன்னொண்ணும் கேளு. மஞ்சப் பூசுனா புண்ணு ஆறும்ங்கிறதுக்கு 1995-ல அமெரிக்காக்காரன் காப்புரிமை குடுத்தானே, அதை 1997-ல ரத்து பண்ண வச்சது எது? உன் அப்பத்தா வாய்ச்சொல் இல்ல. பழைய ஏடும், 1953-ல அச்சான ஒரு டாக்டர் கட்டுரையும். அப்பத்தா சொல்லுதப்ப எழுதி வைடான்னேன், நீ செல்போனை நோண்டிக்கிட்டிருந்தே.

நம்ம பட்டறை ஆசாரி பருத்திமாரு புடுங்க ஒரு கருவி செஞ்சான்லா? கோயில் கொடையில ஊர்ச்சனம் பூராத்துக்கும் ஓட்டிக் காட்டிட்டான். மனுப் போடுததுக்கு முன்னால காட்டுனா புதுசுங்கிற பேச்சே போச்சுன்னு பெறகு நீ தலையில அடிச்சுக்கிட்டே. அன்னைக்கு எங்க இருந்தே? கொடைக்கு வந்திருந்தே, மொதப் பந்தியில.

இப்பக் கதவைச் சாத்திக்கிட்டு, பல்லை வேற மாதிரி வளைச்சு இன்னொண்ணு செய்தான். போய்ப் பாரு. கோட்டைக் கழட்டிட்டுப் போ. பீஸைப் பத்தி மட்டும் அவன்கிட்ட இங்கிலீசுல பேசிராத, சம்மட்டி கைக்கெட்டுத தூரத்துலதான் கெடக்கு.