மலை ரயிலில் கட்டுச்சோறு அவிழும் கால நிர்ணயம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலை ரயிலைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் விட்ட விஷயம் அநேகமாக ஒன்றுமில்லை. 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் ஓடத் தொடங்கிய அவ்வண்டியின் பாதை ஏறக்குறைய 46 கிலோமீட்டர் என்பதையும், அதில் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் 208 வளைவுகளும் உண்டென்பதையும், 2005-இல் யுனெஸ்கோ சபையார் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றார்கள் என்பதையும் பள்ளிப் பிள்ளைகளே ஒப்பித்துவிடுவார்கள். ஆயினும், ஒரு நாள் உல்லாசப் பயணமாக அதில் ஏறும் குடும்பத்தார், விடியுமுன் எழுந்து கிளறிக் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை எந்த இடத்தில், எக்காரணம் பற்றி அவிழ்க்கிறார்கள் என்னும் தலையாய வினாவை இதுவரையில் ஒருவரும் எழுப்பினாரில்லை. சுரங்கங்களை எண்ணியவர்கள் பொட்டலங்களை எண்ணாமல் விட்டது கல்வியுலகத்துக்கு நேர்ந்த பெருநஷ்டம் என்பதே என் அபிப்பிராயம்.

சித்தாந்தம் கூறுமுன் பூர்வபட்சங்களை எடுத்துக் களைவது தர்க்க மரபு. முதலாவதாக, பசித்ததனால் அவிழ்க்கிறார்கள் என்பர் பசிவாதிகள். மேட்டுப்பாளையத்து நிலையத்திலேயே இட்லியும் வடையும் வயிறார உண்டு ஏறிய பெரியப்பாமார்கள், கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள் கண்ணுக்கு மறைவதற்குள் பொட்டலத்தின் மீது கண் வைப்பதைக் கண்டவர்கள் இக்கட்சியை நொடியில் கைவிடுவார்கள். இரண்டாவதாக, மலைவனத்தின் வனப்பே பசியைக் கிளர்த்துகிறது என்பர் காட்சிவாதிகள். மூங்கிற் புதரும் அருவியும் மேகமும் ஒருங்கே மறைந்து, அடுத்திருப்பவர் முகமே தெரியாத சுரங்கத்தின் அந்தகாரத்தில் முறுக்குக் கடிபடும் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்பதற்கு அவர்கள் என்ன சமாதானம் சொல்வார்களோ அறியேன். கடிகாரம் பார்த்து உண்கிறோம் என்னும் காலவாதிகளுக்குப் பதில் கூறுவது வீண். குடும்பத்தில் கடிகாரம் கட்டியிருப்பவர் ஒருவர், பொட்டலத்தைக் காப்பவர் வேறொருவர்.

ஆகவே நாம் கொள்ளும் சித்தாந்தம் இது: வண்டி நின்றால் பொட்டலம் அவிழும்.

வண்டி ஏன் நிற்கிறது என்பதை விளக்கினால்தான் இச்சித்தாந்தத்தின் ஆழம் புலப்படும். கல்லாற்றைத் தாண்டியதும் பாதை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் உயரத் தொடங்குவதால், வழவழப்பான தண்டவாளத்தை மட்டும் நம்பிச் சக்கரம் ஏறமாட்டாதென்று கண்டு, சுவிட்ஸர்லாந்து தேசத்து ஆப்ட் என்பவர் வகுத்த முறைப்படி இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். இயந்திரத்தின் அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிப் பற்றியே குன்னூர் வரைக்கும் ஏறுகிறது. இயந்திரமோ முன்னே நின்று இழுப்பதில்லை. பெட்டிகளுக்குப் பின்னே நின்று உந்துகிறது. அதற்குச் சிலிண்டர்கள் நான்கு. ஓடு சக்கரங்களை இயக்கும் இரண்டு சிலிண்டர்களில் ஒருமுறை உழைத்துக் களைத்த நீராவி, வெளியே விடப்படாமல் பற்சக்கரத்தை இயக்கும் மற்ற இரண்டிற்கும் அனுப்பப்படுகிறது. நேற்றைய குழம்பை இன்று சுண்டவைத்துப் பரிமாறும் இல்லத்தரசியின் சிக்கனமே இது. எத்துணைச் சிக்கனமாயினும் தாகம் தாகந்தான். ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று காட்டின் நடுவே பெயர்ப்பலகையும் தண்ணீர்த் தொட்டியுமாக நிற்கும் நிலையங்களில் இயந்திரம் நின்று நீர் பருகியே மேலே செல்கிறது.

இங்கேதான் பிரமாணங்கள் வரிசையாக வந்து கைகொடுக்கின்றன. வண்டி குலுங்கி நின்ற மாத்திரத்தில், அதுகாறும் மடிமேல் பையை வைத்துக்கொண்டு உறங்குவதுபோல் இருந்த பாட்டி கண் திறந்து, "இஞ்சினே தண்ணி குடிக்குது கண்ணு, நீங்களும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுருங்க" என்று திருவாய் மலர்வது ஆப்தவாக்கியம். அதை மறுத்துப் பேசிய மருமகளை எந்தப் பெட்டியிலும் கண்டதாகச் செய்தியில்லை. வாழையிலைகள் மளமளவென்று பிரிந்து, புளியும் நல்லெண்ணெயும் கலந்த மணம் பெட்டியெங்கும் கமழ்வது பிரத்தியட்சம். அனுமானப் பிரமாணத்துக்கோ ஹில்குரோவ் நிலையத்துக் குரங்குகளைச் சாட்சி அழைக்கிறேன்.

மலைச்சரிவு முழுவதும் அவற்றுக்குச் சொந்தம். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டியை எந்த வளைவில் வேண்டுமானாலும் அவை மறித்துக்கொள்ளலாம். அங்ஙனமிருந்தும் அவை நிலையத்தின் கூரையிலும் கைப்பிடிச் சுவரிலுமே அமர்ந்து காத்திருக்கின்றன. பொட்டலம் ஓட்டத்தில் அவிழாது, நிறுத்தத்தில்தான் அவிழும் என்னும் உண்மையை நமக்கு முன்பே அவை கண்டறிந்துவிட்டன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. தேநீர் வாங்கப் பெரியவர்கள் கீழே இறங்கிய சமயத்தில் ஜன்னல் வழியே ஒரு கை நீளுகிறது. அது பேரனுடைய கையன்று என்று தெரிவதற்குள் தயிர்சாதம் கூரை ஏறிவிடுகிறது. அவற்றுக்கு உணவு கொடுக்கலாகாது என்பது விதி. கொடுப்பதற்கு அவை அவகாசம் தந்தால்தானே விதியை மீறுவதற்கு?

குன்னூரில் நீராவி இயந்திரம் விடைபெற, டீசல் இயந்திரம் வந்து பூட்டிக்கொள்கிறது. தண்ணீர் குடிக்காத இவ்வியந்திரத்தோடு வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகிய நிலையங்களிலும் நம் சித்தாந்தம் செல்லுமா என்று ஒரு நுண்ணிய ஆட்சேபம் எழக்கூடும். பரிசோதனைக்குரிய பொருள் அதற்குள் தீர்ந்துவிடுகிறபடியால், இவ்வாட்சேபத்தை நிரூபிப்பதும் இயலாது, மறுப்பதும் இயலாது. வண்டியின் சுமை இதனால் குறைந்ததென்று மட்டும் எவரும் கருதலாகாது. பைகளிலிருந்த பாரம் பயணிகளிடத்தே குடிபெயர்ந்ததேயன்றி வேறில்லை. உதகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: நண்பகலில் சென்று சேர்ந்து பிற்பகல் இரண்டு மணிக்கே திரும்பவேண்டிய அந்த இரண்டு மணி நேரத்தை, சாப்பாட்டு ஹோட்டல் தேடுவதில் குடும்பத்தார் செலவிடுகிறார்கள்.

ஏறும்போது மெய்ப்பட்ட சித்தாந்தம் இறங்கும்போதும் நிலைபெறுமா என்பதே எஞ்சிய வினா. ஏறுவதற்கு 290 நிமிஷம் ஆகும் பாதையை 215 நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது வண்டி. குன்னூருக்குக் கீழே இயந்திரம் முன்னால் நின்று பாரத்தைத் தாங்க, பெட்டிதோறும் பிரேக்ஸ்மேன்கள் கண்ணிமையாமல் காத்து வருகிறார்கள். அக்கம்பக்கத்து வீட்டாருக்கென்று அத்தை பயபக்தியோடு குன்னூரில் வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்திய வர்க்கிப் பொட்டலத்துக்கு மட்டும் அத்தகைய காவல் ஏதுமில்லை. ரன்னிமேட்டில் வண்டி நின்றதும், நொறுங்கிவிட்டதா என்று பார்க்கும் வியாஜத்தில் முடிச்சு அவிழ்கிறது. நொறுங்கியதைப் பிறருக்குக் கொடுப்பது மரியாதையன்று என்ற தர்மசாஸ்திரம் ஹில்குரோவில் நினைவுக்கு வருகிறது. இதனால்தான் மலைக்குச் சென்று மீண்ட குடும்பத்தாரிடமிருந்து அடுத்த வீட்டுக்காரருக்கு எக்காலத்தும் நீலகிரித் தைலம் மட்டுமே வந்து சேருகிறது. அது உண்ணத்தக்க பொருளன்று.