பிந்தி வந்த கேள்வி

மென்பொருள்காரர்களின் பாலபாடம்: உள்ளே வரும் மதிப்பை முதல் வரியிலேயே சோதி, பிழையென்றால் அங்கேயே நிறுத்து. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்துக்கு இந்த மரியாதை உண்டு. முற்றல் இலை, ஈரம், கூடைப் பாரம் எல்லாம் நிறுவையிலேயே கழிபடும். ஆளுக்குத்தான் இல்லை. கங்காணி இந்தியாவிலிருந்து ஆள் கட்டியபோது பாட்டன் பிறந்த ஊரை யார் கேட்டார்கள்? இறப்பர் பால் வெட்டிப் பேரப்பிள்ளையும் கண்டபின், 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டது: தகப்பன் இலங்கையில் பிறந்தவரா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும்? லயத்துத் தகரப்பெட்டியில் அதற்கேது பத்திரம்! சோதிப்பது குற்றமா என்பீர்கள். இல்லை, ஆனால் வேலையை முழுக்க வாங்கிக்கொண்டு கடைசி வரியில் சோதிப்பதற்குச் சோதனை என்று பெயரில்லை. தொடக்கத்திலேயே சோதித்தால் வேகம் குறையும் என்போரும் உண்டு. அந்த வேகத்தில் போனதைத் திருத்த 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. இடைவெளி வெறும் 55 ஆண்டுதான்.