மருமகனும் மூணு மில்லி பிளேடும்

வாங்க எஞ்சினியர் மருமகனே! புது டேபிள் சா வந்து இறங்கிருச்சாமே? புத்தக அலமாரியில தட்டு செருகுற காடி எடுக்க, ஒரே ஓட்டத்துல 18 மில்லி அகலம் அறுக்குற பிளேடு அடுக்கைத் தேடி ராத்திரியெல்லாம் செல்போனைத் தேய்க்கிறீகளாம், அக்கா சொல்லுச்சு. தேய்ங்க. மிஷினோட தண்டு எம்புட்டு நீளம்னு மட்டும் பார்க்கலை போல. அத்தனை பிளேடையும் மாட்டினா நட்டுக்கு மரை மிஞ்சாது. ஆட்டுக்குட்டி மேல அம்பாரி ஏத்தப் பார்த்தீகளே!

ஒத்த பிளேடே போதும். அது அறுக்குறது ஒரு நூல், மூணு மில்லி சொச்சம். கைரம்பக் காலத்துல ரெண்டு ஓரத்தையும் அறுத்துட்டு நடுவை உளியால எடுப்போம். மிஷினுக்கும் அதே முறைதான்; ஓரம் ரெண்டும் முதல்ல, நடு அப்புறம். ஏழெட்டுத் தள்ளுல முடிஞ்சுரும். ஆழம் 6 மில்லி, பலகையில மூணுல ஒரு பங்கு. அதுக்கு மேல தோண்டினா அலமாரி நிக்காது, நீங்கதான் நின்னு தாங்கணும்.

அகலத்தை டேப்பால அளந்து கணக்குப் போடாதீக. 18ன்னு வாங்குன பிளைவுட்டு அரை மில்லி இளைச்சும் வரும். தட்டுப்பலகையோட துண்டு ஒண்ணை, பலகை முனை முட்டி நிக்கிற நிறுத்துக்கட்டைக்கும் பலகைக்கும் நடுவுல செருகி முதல் ஓரத்தை அறுங்க. அந்தத் துண்டை எடுத்துட்டு, பிளேடு அறுக்குற அகலத்துக்கே சீவின சில்லை அதே இடத்துல வெச்சு அடுத்த ஓரம். காடி தட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கும். படிச்ச புள்ளைக்கு இது கணக்கு, எனக்குச் சோம்பேறித்தனம்.

சாய்வாத் தீட்டின பல்லுன்னா காடிக்கு அடியில வரிவரியா விழும். உளியால சீவிவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?

இனிமே சிரிக்காம கேளுங்க. காடி அறுக்க பிளேடோட மேல்மூடியைக் கழட்டித்தான் ஆகணும். பிளேடு பலகைக்கு அடியிலேயே ஒளிஞ்சு ஓடும். கண்ணுக்குத் தெரியாத பாம்பு அது. 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 3,800 சுத்து சுத்தினா, பல்லு ஓடுறது மணிக்கு 180 கிலோமீட்டர். உங்க பைக்கு அந்த வேகத்தைக் கனவுலயும் பார்த்திருக்காது. பிளேடு போற கோட்டுக்கு நேரா உள்ளங்கையை வைக்காதீக. கையுறை வேணவே வேணாம். பல்லு கவ்வினா கையையும் சேர்த்து இழுத்துரும். குறுக்கே அறுக்கையில மைட்டர் கேஜைப் பிடிச்சுத் தள்ளுங்க, வெறும் ஃபென்ஸை நம்பினா பலகை திரும்பி நெஞ்சுல பாயும். வேலை முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியை மாட்டிருங்க.

அலமாரிக்குன்னு வெச்சிருக்கிற தேக்குப் பலகையை இப்பவே தொடாதீக. மூலையில கிடக்கிற பிளைவுட்டு மிச்சத்தை எடுத்துட்டு வாங்க, முதல் காடி அதுலதான்.