ஸ்தோத்திரம் அண்ணன்

திருவாமாத்தூர் சிவன் ஊர். பம்பை ஆற்றங்கரையில் அபிராமேசுவரர் குடியிருக்கும் பாடல் பெற்ற தலம். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 1898இல் சமாதியானதும் இங்கேதான். இப்படிப்பட்ட ஊரில் தாம் ஒரு வேதக்காரர் என்பது யார் கண்ணிலும் படாமல் போய்விடுமோ என்பது ஸ்தோத்திரம் அண்ணனுடைய நிரந்தரக் கவலை. அதனால் அவருடைய பைக்கில் நம்பர் சிறியது, வசனம் பெரியது. ஆம்னி வேனின் பின்கண்ணாடி முழுக்கச் சிலுவையும் புறாவும். பின்னால் லாரி வந்தால்கூடத் தெரியாது.

ஒருநாள் விழுப்புரத்தில் ஹெல்மெட் இல்லாமல் போய் மாட்டிக்கொண்டார். "இரட்சணியத் தலைச்சீரா போட்டிருக்கேன் சார்" என்று வாதாடிப் பார்த்தார். போலீஸ்காரர் வேதம் படிக்காதவர். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அந்த அபராதம், கர்த்தருக்காக அண்ணன் பட்ட பாடாகச் சாட்சி மேடை ஏறியது.

அண்ணனுடைய வேதாகமத்துக்கு ஜிப் வைத்த தோலுறை உண்டு. ஆதியாகமத்தில் மூன்று வண்ணத்தில் அடிக்கோடு. லேவியராகமத்தைத் தாண்டினால் தாள்கள் அச்சகத்தில் ஒட்டியபடியே இருக்கும். ஜெபம் மட்டும் அப்படி நடுவில் நின்றுவிடாது. கல்யாணப் பந்தியில் அவரிடம் "சின்னதா ஒரு ஜெபம் பண்ணுங்கண்ணே" என்று யாராவது கேட்டால், அந்த ஆள் சபைக்குப் புதிது என்று அர்த்தம். அண்ணன் ஆதாமில் தொடங்கி மாப்பிள்ளைக்கு வந்து சேர்வதற்குள் சாம்பாரில் ஆடை படிந்துவிடும். கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொல்லும் மலைப்பிரசங்கம் அவருக்கும் தெரியும். 'நம்ம வீட்டுக் கதவு சரியாப் பூட்டாது' என்பார்.

கடன் விஷயத்திலும் பக்தி குறையாது. டீக்கடைக்காரரிடம் கைமாற்று வாங்கிவிட்டு, "கர்த்தர் பேரால சொல்றேன், வர்ற வாரம்" என்று மாதக்கணக்கில் சொல்லிவந்தார். டீக்கடைக்காரர் பொறுமைசாலி. கடைசியில், "கர்த்தரை எதுக்கு அண்ணே தொந்தரவு பண்ணணும்? வட்டப்பாறைக்கு வந்து சொல்லிடுங்க" என்றார். அபிராமேசுவரர் கோயில் வட்டப்பாறையில் பொய்ச்சத்தியம் செய்தவன் பிழைத்ததில்லை என்பது ஊர் நம்பிக்கை. தம்பியின் பங்கை ஏமாற்றி, பொன்னைத் தடிக்குள் ஒளித்துவைத்துச் சத்தியம் செய்த அண்ணன் பாம்பு கடித்துச் செத்த கதையை இன்றும் சொல்வார்கள். நம் அண்ணன், கல்லுக்கு என்ன சக்தி இருக்கிறது என்று பத்து நிமிடம் பிரசங்கித்தார். சாயங்காலமே பணம் வந்துவிட்டது.

மைக் பிடித்தால் அண்ணனுக்குப் பிடித்த கதை ஐடா ஸ்கடர் அம்மாவுடையது. பக்கத்துத் திண்டிவனத்தில் நடந்ததல்லவா! 1890களின் தொடக்கம். மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடாவுக்கு மிஷனரி வாழ்க்கையில் ஆசை இல்லை. அம்மாவைக் கவனித்துவிட்டு அமெரிக்கா திரும்ப இருந்தவர். ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் டாக்டர் அப்பா வரத் தயார்தான். ஆனால் ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். இன்றைய சிஎம்சி மருத்துவமனை அப்படி வளர்ந்ததுதான். பட்டமும் படிப்பும் அண்ணன் சொல்லும் கதையில் சீக்கிரம் முடிந்துவிடும். கதவு தட்டும் இடத்தில்தான் மேசையைத் தட்டித் தட்டி, கண்ணீர்விட்டு, கைக்குட்டை எடுப்பார்.

இதைச் சொல்லி அழுத அதே வாரம், நள்ளிரவு தாண்டி அண்ணன் வீட்டுக் கதவை உண்மையாகவே ஒருவன் தட்டினான். பக்கத்து வீட்டுப் பையன்; மனைவிக்கு வலி கண்டுவிட்டது.

"அண்ணே, 108 வர நேரமாவுமாம். ஆம்னியை எடுங்கண்ணே."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "முழங்கால்ல நிக்கறேன் தம்பி. நீ தைரியமாப் போ. நான் ஜெபிக்கறேன்."

சபையில் கடைசிப் பாயில் உட்கார்ந்து, சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் இட்லிக்கடை ஆயா ஒருத்தி அந்தத் தெருவில் உண்டு. மாவு அரைக்கும் வேலையைப் போட்டுவிட்டு, ஆட்டோக்காரனைத் தட்டி எழுப்பி, அந்தப் பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆட்டோ காசும் அவளுடையது. வழியில் ஜெபித்தாளா என்று ஆட்டோக்காரனைக் கேட்டேன். "தெரியல சார். மேட்டுல மெதுவாப் போடான்னு மட்டும் சொல்லிக்கிட்டே வந்துச்சு" என்றான். பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

ஞாயிறன்று அண்ணன் சாட்சி சொன்னார்: தாம் அன்றிரவு முழங்காலில் நின்றதையும், கர்த்தர் கேட்டதையும். சபை "அல்லேலூயா" என்றது. அடுப்பில் ஈடு வெந்துகொண்டிருந்ததால் ஆயா அன்று ஆராதனைக்குத் தாமதம். அவள் காதில் இது விழவில்லை.

உங்கள் சபையிலும் ஒரு ஸ்தோத்திரம் அண்ணன் இருப்பார். கோயில், பள்ளிவாசல் பக்கம் போகிறவர்களுக்கும் அவரை வேறு பெயரில் தெரிந்திருக்கும். அவரிடம் சண்டை வேண்டாம். மைக்கைத் தாராளமாகக் கொடுங்கள். ராத்திரிக்கு மட்டும் வண்டிச்சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.