புல்லுக்குத் திரை பிடிக்கிற ஊரிலிருந்து

அன்புள்ள அத்தானுக்கு,

மினி டிராக்டர் வாங்கப் போகிறீர்கள் என்றும், டீலர் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் பின்னால் மாட்டும் ஸ்லாஷர், வயிற்றுக்கு அடியில் மாட்டும் வெட்டுத் தட்டு, முன்னால் மாட்டும் தகடு, பனியை வாரி வீசும் எந்திரம் என்று படம் படமாகப் போட்டிருக்கிறது என்றும், இதில் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கூடவே, "நீ இருக்கிற ஊர் முழுக்கப் புல்லாமே, அங்கே எதை மாட்டி வெட்டுகிறார்கள், பார்த்துச் சொல்" என்று ஒரு வரி. பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்குச் சிங்கப்பூரில் யோசனை கேட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிற எனக்குச் சொந்தமான நிலம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி; ஆனாலும் யோசனைக்கு என்றைக்குக் குறைவிருந்தது? பதில் சின்னதுதான். இங்கே எந்திரத்தை டிராக்டரில் மாட்டுவது அபூர்வம், பெரும்பாலும் ஆள் மேலேயே மாட்டிவிடுகிறார்கள். அது ஏன் என்று பார்த்தால்தான் உங்கள் தோப்புக்கு எது பொருந்தும் என்பது பிடிபடும். அக்காவை ஒரு காப்பி போடச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் இந்த ஊர்ப் புல்லைப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நம் பக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை, வருடம் முழுக்கத் தவணை முறையில் வருகிற மழை. சித்திரை வெயிலில் புல் கருகட்டும், அதுவரை பொறுப்போம் என்று இருக்க முடியாது. 1967இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்கப் போகிறோம் என்று அறிவித்ததிலிருந்து, வெறும் மண் கண்ணில் பட்டால் அரசாங்கத்துக்குக் கூச்சம். மரமோ புல்லோ வைத்து மூடிவிடுவார்கள். ஆக வளர வைத்ததும் அவர்களே, வளர்ந்துவிட்டதே என்று வருந்துவதும் அவர்களே. இந்த முனையில் தொடங்கி அந்த முனையில் வெட்டி முடிப்பதற்குள் இந்த முனை மறுபடி கணுக்காலுக்கு வந்திருக்கும்.

இவ்வளவு புல்லும் ஒரே வயலாக இருந்தால் பெரிய எந்திரத்தை இறக்கி அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால் இருப்பதெல்லாம் ஓரம். சாலைக்கும் கால்வாய்க்கும் நடுவில் இரண்டு அடி, கால்வாய்க்கும் நடைபாதைக்கும் நடுவில் மூன்று அடி, மேம்பாலத்துக்கு அடியில் சரிவு, அரசு அடுக்குமாடி புளோக்குகளுக்கு இடையில் துண்டு துண்டாக. அந்தத் துண்டுகளிலும் ஒழுங்காக இடம் விட்டு மரம், மரத்துக்கு மரம் நடுவில் விளக்குக் கம்பம், அறிவிப்புப் பலகை, பெஞ்சு, தீயணைப்புக் குழாய். பெரிய எந்திரத்துக்கு ஓடுவதற்கு நீளமும் திரும்புவதற்கு இடமும் வேண்டும்; இங்கே திரும்பினால் கால்வாய். அதனால்தான் சிங்கப்பூரில் புல் வெட்டுவது பெரும்பாலும் தோளில் மாட்டும் எந்திரம். முதுகில் எஞ்சின், கையில் நீளமான தண்டு, தண்டின் நுனியில் சுழலும் பிளேடு அல்லது நைலான் நரம்பு. முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் துண்டைச் சுற்றிய தலை, நெஞ்சிலிருந்து முழங்கால் வரை தொங்கும் பிளாஸ்டிக் ஏப்ரான், ரப்பர் பூட்ஸ். பத்து நிமிடத்தில் ஏப்ரான் முழுக்கப் பச்சைத் துணுக்கு அப்பிக்கொண்டு, உள்ளே இருப்பவர் பேராவூரணியா பங்களாதேஷா என்று அம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வெட்டுகிறவர் தனியாக வருவதில்லை. சுழலும் பிளேடு ஒரு சின்னக் கல்லைத் தட்டிவிட்டால் அது பறந்து போய் நிற்கிற காரின் கண்ணாடியை உடைக்கும். இந்த ஊரில் கார் ஒன்றின் விலையைச் சொன்னால் நீங்கள் தோப்பையே விற்றுவிட்டு வந்துவிடுவீர்கள் என்பதால் சொல்லவில்லை. ஆகவே சட்டத்தில் கட்டிய ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் கூடவே நடக்கிறார். வெட்டுகிறவர் ஓர் அடி நகர்ந்தால் வலையும் ஓர் அடி நகர வேண்டும். அவர் மரத்தைச் சுற்றினால் வலையும் சுற்ற வேண்டும். நம்ம ஊர்த் தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன் திரை பிடிப்பார்களே, அதே கம்பீரம். இங்கே திரைக்குப் பின்னால் ராஜாவுக்குப் பதிலாகப் புல். வலைக்காரருக்கு வேறு வேலை கிடையாது. புல்லைத் தொட மாட்டார், எந்திரத்தைத் தொட மாட்டார், நாள் முழுக்கக் கல்லை எதிர்பார்த்துக்கொண்டே நடப்பார். கல் வராத நாள்தான் அவருக்கு வெற்றி. ஓரமாக நடந்து போகிறவரைக் கண்டால் வெட்டுகிறவர் நிறுத்துகிறார், வலை நிற்கிறது, நடப்பவர் தாண்டியதும் எஞ்சின் உறுமுகிறது, வலை புறப்படுகிறது. பின்னாலேயே ஒருவர் ஊதும் எந்திரத்தால் துணுக்குகளைத் துரத்திக்கொண்டு வருகிறார். கால்வாயில் புல் விழுந்து தண்ணீர் தேங்கினால் கொசு வரும், கொசு வந்தால் அபராதம் வரும். அதற்கும் பின்னால் ஒருவர் பையில் வாரிக் கட்டுகிறார். பெரிய சாலை என்றால் எச்சரிக்கைப் பலகை வைக்கவும் கூம்புகளை அடுக்கவும் தனி ஆள். நம் தாத்தா ஒற்றை அரிவாளோடு செய்த வேலை இது.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள், இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. காசுக்கு இங்கே பஞ்சமில்லை, டீலர் புத்தகத்தில் உள்ள அத்தனையையும் வாங்கி நிறுத்த முடியும். ஆனாலும் எதை மாட்டுவது என்பதை நிலம்தான் தீர்மானித்திருக்கிறது. உங்கள் நிலத்தைக் கேட்போம். கஜா புயல் 2018 நவம்பரில் தோப்பைச் சாய்த்த பிறகு நீங்கள் திரும்ப நட்டது 25 அடிக்கு 25 அடி. இரண்டு பக்கமும் ஆறு அடி வட்டப் பாத்தியைக் கழித்தால் வரிசைக்கு நடுவில் டிராக்டருக்குக் கிடைப்பது 13 அடி. வண்டி 24 குதிரைத்திறன் என்றால் மாட்டிய எந்திரத்தைச் சுழற்றும் பின்தண்டான பி.டி.ஓ.வில் கைக்கு வருவது சுமார் 20. ஸ்லாஷருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்பது பழகியவர்கள் கணக்கு. ஆக நாலு அடி ஸ்லாஷர். "ஐந்து அடி வாங்குங்கள் சார், மூன்றே ஓட்டத்தில் வரிசை முடிந்துவிடும், நாலடி என்றால் நாலு ஓட்டம்" என்று டீலர் சொல்வார். கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் வெட்டப் போவது கார்த்திகை மழையில் இடுப்பளவு வளர்ந்த ஈரப் புல்லை. ஐந்தடியை மாட்டினால் வண்டி ஒவ்வொரு தென்னைக்கும் நின்று மூச்சு வாங்கும். வயிற்றுக்கடியில் மாட்டும் வெட்டுத் தட்டு பங்களாவின் புல்தரைக்கு ஆனது, ஒரு பாளை சிக்கினால் போதும், அன்றைய வேலை முடிந்தது. சுத்தியல் சுத்தியலாகத் தொங்கும் ஃபிளெய்ல் நல்ல சாமான், புல்லைப் பொடியாக்கும், கல்லையும் அதிகம் வீசாது. ஆனால் கனம் கூட, விலை கூட, சக்தியும் கூடக் கேட்கும். மட்டையும் குரும்பையும் கிடக்கிற தோப்பில் அதன் பற்களை மாற்றியே மாளாது. ஸ்லாஷர் முரடு, மட்டை, தூர் எது குறுக்கே வந்தாலும் அடித்துவிட்டுப் போகும், மீறிப் போனால் ஷேர் போல்ட் ஒன்று உடைந்து கியரைக் காப்பாற்றும். அதன் ஒரே கெட்ட புத்தி கல்லை வீசுவது. அதனால் முன்னும் பின்னும் சங்கிலி தொங்கும் மாடலாகக் கேளுங்கள். சங்கிலி இல்லாவிட்டால் திரை பிடிக்க ஆள் தேட வேண்டும், பட்டுக்கோட்டையில் அந்த வேலைக்கு எவன் வருவான்?

அடுத்து பனி. வண்ணப் புத்தகம் வெளிநாட்டுக்காரனுக்காக அச்சடித்தது, அதிலே பனி வாரும் எந்திரம் இருப்பதில் ஆச்சரியமில்லை. இமயமலையில் சோஜி லா கணவாய்ப் பக்கம் எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் பனியோடு மல்லுக்கட்டுவதற்கு அந்த மாதிரி எந்திரம் வேண்டும்: திருகுபோல் சுழலும் தண்டு பனியைக் கடித்து உள்ளே இழுக்க, பின்னால் இருக்கும் விசிறி குழாய் வழியாக ஓரத்துக்கு வீசும். அதில் மண்ணையோ சாணத்தையோ கொடுத்துப் பார்க்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், வேண்டாம். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லாத இந்த ஊரிலும் பனி ஆசை தீரவில்லை. 2000இல் ஜூரோங் ஈஸ்டில் ஸ்னோ சிட்டி என்று ஒரு மண்டபத்துக்குள் பனியைத் தயாரித்துச் சறுக்கிக் காட்டினார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் டாங்லின் மால் வாசலில் நுரையைப் பனியாகப் பொழியவிட்டுப் பிள்ளைகளை ஆடவிட்டார்கள். அந்தப் பனியை அகற்ற டிராக்டர் தேவைப்படாது, ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் போதும். ஆனால் முன்னால் மாட்டும் பனித் தகடு வேறு விஷயம். அது வெறும் சாய்வுத் தகடு. பனி என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே தவிர, வண்டல் மண்ணைத் தள்ளிப் பரப்பவும் எருக்குழியை மூடவும் உதவும். தனியாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பேரம் பேசும்போது கொசுறாகத் தருவார் என்றால் வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

"நிலம்தான் தீர்மானிக்கிறது என்கிறாய், அங்கே பெரிய திடலே கிடையாதா?" என்று நீங்கள் மடக்குவீர்கள். இருக்கிறது. பெரிய பூங்காவிலும் கோல்ஃப் மைதானத்திலும் ஏறி உட்கார்ந்து ஓட்டும் எந்திரங்கள் ஓடுகின்றன. ஜூரோங் லேக் கார்டன்ஸில் ஆளே இல்லாமல் தானாகச் சுற்றி வெட்டும் எந்திரத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் தோள் எந்திரக்காரர்கள் குறையவில்லை என்றால் நான் இதுவரை சொன்ன ஓரம், மரம், கால்வாய் எல்லாம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஆள் விலை. இந்த மாதிரி வேலைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதாமாதம் அரசுக்கு லெவி என்று ஒரு தீர்வை கட்ட வேண்டும். ஆட்களை மலிவாக இறக்கிக் குவிக்காமல் இருக்கட்டும் என்பது அதன் நோக்கம். அதைக் கட்டிய பிறகும் எந்திரத்தைவிட ஆளே கட்டுப்படியாகிறது. தோட்ட வேலைக்குப் படிப்படியாக உயரும் சம்பள ஏற்பாடு 2016இல் கட்டாயமானது. ஆனால் அது சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஏப்ரானுக்குள் இருக்கும் தம்பிக்கு இல்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அத்தான். எவ்வளவு வெயில் அடித்தாலும் சரிவிலும் ஏறுகிற, மரத்தைச் சுற்றுகிற, மழை வந்தால் ஒதுங்கிவிட்டுத் திரும்பி வருகிற எந்திரம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்போது எவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பான்? "ஊரில் கிடைப்பதைவிட அதிகம்தானே, விரும்பித்தானே வருகிறார்கள்" என்று இங்கே சொல்வார்கள். சரி, விரும்பித்தான் வருகிறார்கள், ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு. அந்தக் கடன் அடைகிற வரைக்கும் விருப்பத்துக்கு வேறு பேச்சே கிடையாது.

புல்லை வெட்டாமலே விட்டால் என்ன என்ற கேள்விக்கும் இங்கே பதில் கிடைத்தது, யாரும் திட்டமிடாமல். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனா ஊரடங்கு. வெட்டுகிறவர்கள் பலர் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள், புல் தன்பாட்டுக்கு வளர்ந்தது. காட்டுப் பூ பூத்தது, பட்டாம்பூச்சி வந்தது. இப்படியே விடுங்கள், அழகாயிருக்கிறது என்று ஒரு கட்சி. பாம்பு வரும், கொசு வரும் என்று எதிர்க்கட்சி. கடைசியில் சில இடங்களில் வெட்டுவதைக் குறைத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் அதையே சொல்வேன்: தோப்பு முழுக்க மொட்டையடிக்க வேண்டாம், நடைவழியையும் காய் பொறுக்கும் இடத்தையும் சுத்தமாக வைத்தால் போதும், வெட்டியதைப் பாத்தியில் போட்டுவிடுங்கள். அம்மா இதற்குள் "ரெண்டு ஆட்டைக் கட்டினால் தீர்ந்தது" என்று சொல்லியிருப்பார். இடையிடையே நிற்கிற இளங்கன்றுகள் தலைக்கு மேல் வளரும் வரை அம்மாவின் எந்திரத்தைத் தோப்புக்குள் விடாதீர்கள்; அதற்கு ஷேர் போல்ட் கிடையாது. ஆனால் அம்மா கேட்டால் சொல்லுங்கள், இங்கே வெட்டிய புல் அத்தனையும் பையில் கட்டி லாரியில் போகிறது, தின்ன ஒரு வாய் கிடையாது. லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோடு பக்கமெல்லாம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவம். மாட்டை நம்பித்தான் நம் ஆட்கள் அங்கே குடியேறினார்கள். மாடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறவர்களில் அந்தப் புல்லை வெட்டியவர்களும் இருப்பார்கள்.

கடைசியாகக் காசு விஷயம். வேளாண்மைப் பொறியியல் துறையில் மனுப் போடாமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள். மத்திய அரசின் எந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக விவசாயிக்கு 40 சதவீதம் மானியம். சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50, உச்சவரம்புக்கு உட்பட்டு. குறு விவசாயி என்று உங்களைச் சொன்னால் ஊர் சிரிக்கும். கிழக்குத் தோப்பின் பட்டா அக்கா பேரில்தானே இருக்கிறது? மனுவை அக்கா போடட்டும். டிராக்டரும் ஸ்லாஷரும் அக்கா பேருக்கு வந்துவிட்டால் சாவி யார் இடுப்பில் என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், அதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்